சரணடைந்தவனைக் கொன்றால் என்ன ஆகும்? அலைன்மெண்ட் முதல் ஊர்வாய் வரை

போன மழைக்காலத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு கொலை விழுந்தது. கதைக்குள்தான். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டி, சேர்ந்து கதை கட்டுகிற மேசை ஆட்டம் எங்களுடையது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவன், ஆட்டம் நடப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு நண்பரின் மாடி அறையில். கதை நடக்கும் ஊரை மட்டும் கடலூர் ஓ.டி. துறைமுகத்தையும் உப்பனாற்றையும் மனதில் வைத்துக் கட்டியிருந்தேன். கடத்தல் கும்பலின் காவலாள் ஒருவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, படகு எங்கே கட்டியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டான். திருடன் கேரக்டர் ஆடுகிற தம்பி, "சரி, ரொம்ப தேங்க்ஸ். கழுத்தை அறுத்துடறேன்" என்றான். மிக்சர் தட்டுக்குப் போன கை ஒன்று பாதியில் நின்றது.

எல்லாரும் டிஎம்மை, அதாவது கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்கிறவரைப் பார்த்தார்கள். டிஎம் நான்.

இந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதே காவலாளை ஒவ்வொன்றின் கையிலும் கொடுத்துப் பார்ப்போம்.

முதலில் பழைய ஆள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அலைன்மெண்ட், அதாவது கேரக்டர் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்கிற முத்திரை. 1974-ல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே வகை. 1978-க்குள் நல்லது, கெட்டது இரண்டும் சேர்ந்து ஒன்பது கட்டம் ஆகிவிட்டது. 1979-ல் வந்த டிஎம் கையேட்டின்படி, ஒரு கேரக்டரின் நடத்தை கட்டம் மாறிவிட்டதாக டிஎம் முடிவு செய்தால் ஒரு லெவல், அதாவது ஆடிச் சேர்த்த பலத்தில் ஒரு படி, போச்சு. அரசன் அன்று கொல்லும் வகை. பிரச்சினை தண்டனையின் கடுமை இல்லை, அது செயலுக்குப் பிறகு வருவதுதான். "அது கெட்ட செயலே இல்லை, அவன் போய்க் காட்டிக் கொடுத்திருப்பான்" என்று ஆட்டக்காரன் வாதாட, டிஎம் நீதிபதியாக, மாலை முழுக்கப் பட்டிமன்றம். இதில் பாவம், அறம் தவறினால் சக்தியை இழக்கிற புனித வீரனான பாலடினை ஆடுகிறவர். யாரோ செய்கிற தப்புக்கு அவருடைய சக்தி போய்விடுமோ என்ற பயத்தில், "அண்ணே, நீங்க கொஞ்சம் கீழே போய் டீ சாப்பிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு மற்றவர்கள் கைதியை விசாரித்த கூத்தெல்லாம் எங்கள் மாடியிலேயே நடந்திருக்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அலைன்மெண்டுக்குப் பல்லே இல்லை, கேரக்டர் ஷீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். பாத்ஃபைண்டர் 2023 மறுபதிப்பில் அதைத் தூக்கியே விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

அடுத்தது எண். ரத்தக்காட்டேரிகளாக ஆடுகிற வாம்பயர்: தி மாஸ்கரேட் 1991-ல் மனிதத்தன்மைக்கு பத்துக் கட்டம் போட்டது. தப்பு செய்தால் குறையும், பூஜ்யம் ஆனால் கேரக்டர் உங்கள் கையை விட்டே போய்விடும். 2018 பதிப்பில் இதைக் கொஞ்சம் நளினமாக்கினார்கள். செய்ததற்குக் காலிக் கட்டங்களில் கறை விழும், செஷன் முடிவில் காலியாக மிச்சம் இருக்கிற கட்டங்களின் எண்ணிக்கைக்கு டைஸ் போட்டு, ஒன்றாவது தேறினால் மனம் வருந்தினதாகக் கணக்கு, தேறாவிட்டால் ஒரு படி இறக்கம். எது தப்பு என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்வதால் பட்டிமன்றம் கிடையாது. இது பெரிய லாபம். ஆனால் எங்கள் திருடன் தம்பி மாதிரி ஆள் கையில் இது பெட்ரோல் முள் ஆகிவிடும். "இன்னும் ஏழு இருக்கு, ஒண்ணு போனா போகட்டும்." பயமும் சோகமும்தான் கதையே என்கிற வாம்பயரில் இது பொருந்துகிறது, கோப்ளின் வேட்டையில் ஒட்டவில்லை.

ஆர்தர் அரசர் கதை வீரர்களாக ஆடுகிற பென்டிராகன் (1985) விஷயம் வேறு, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. இதில் குணங்கள் 13 ஜோடி. இரக்கம்–கொடூரம், நேர்மை–வஞ்சகம், வீரம்–கோழைத்தனம் என்று போகும், ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. இரக்கம் 12 என்றால் கொடூரம் 8. கத்தியை ஓங்கும்போது டி20 என்கிற இருபது முக டைஸை உருட்டி 12 அல்லது அதற்குள் விழுந்தால் உங்கள் வீரனுக்கு மனசு வராது, விட்டுவிடுவான். கொடூரமாக நடந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு குறி. குளிர்காலம் வரும்போது குறி விழுந்த குணத்துக்கு மறுபடி உருட்டி, இப்போதைய எண்ணைத் தாண்டினால் ஒன்று கூடும். எந்தக் குணமும் 16-ஐத் தொட்டால் ஊரறிந்த பேர். இங்கே யாரும் தண்டிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீ செய்ததே நீயாக ஆகிறாய், அடுத்த முறை கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது. இரக்கம்–கொடூரம் ஜோடியை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்து நாலு செஷன் ஓட்டிப் பார்த்தோம். தம்பிக்குப் பிடிக்கவில்லை. "என் ஆளை நான் ஆடணுமா, டைஸ் ஆடணுமா?" அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தவிர, அந்த ஆட்டத்தில் ஒரு சாகசத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் ஓடுவதால் குணம் மெல்ல மாறுவது கண்ணுக்குத் தெரியும், எங்கள் கதையில் நாலு செஷனுக்கு ஆறு நாள்கூட ஓடியிருக்காது.

கடைசியாக, எண்ணே வேண்டாம், ஊர் பார்த்துக்கொள்ளும் என்கிற வழி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) இதற்கும் கணக்கு வைத்திருக்கிறது. கொலை விழுந்தால் போலீஸ் சூடு கூடுதலாக 2 ஏறும், ஒவ்வொரு கும்பலோடும் உறவு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை, மைனஸ் 3 என்றால் போர். அது திருட்டுக் கும்பல் கதை என்பதால் சரி. நான் அவ்வளவுகூடப் போகவில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். செத்தவன் யார், அவனுக்கு யார் இருக்கிறார்கள், பார்த்தவர் யார். மூன்றே வரி.

மூன்று செஷன் கழித்து கதையில் தம்பியின் குழுவுக்கு ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. தோணிக்காரர் துடுப்பை வலித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்: "உப்பளம் பக்கம் போனீங்களே, என் மச்சானைப் பாத்தீங்களா? வலது காதுல கடுக்கன் இருக்கும். தங்கச்சி தினமும் கரையில வந்து உக்காந்திருக்கு." நான் டைஸ் எதையும் தொடவில்லை. தம்பி கேரக்டர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கூலிக்கு மேல் நாற்பது பொற்காசு எழுதிக் கழித்தான். "எதுக்குங்க இவ்வளவு?" என்று தோணிக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சத்தியமாக இது லெவல் இழப்பைவிடக் கனமாக விழுந்தது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. ஒருவன் செய்ததற்கு நாலு பேரும் படகில் நெளிந்தார்கள், அதில் பாலடின் அண்ணனுக்கு நிஜமாகவே கோபம். டிஎம் நோட்டைத் தொலைத்தால் ஊருக்கு மறதி வந்துவிடும். வாரம் ஒரு ஊர் என்று கொலை செய்துகொண்டே நடையைக் கட்டுகிற குழுவுக்கு இது துளியும் உறைக்காது, அவர்களுக்கு வாம்பயர் மாதிரி கூடவே வருகிற எண்தான் லாயக்கு. டிஎம்முக்கு உள்ளூரக் கோபம் இருந்தால் தோணிக்காரர் பழிவாங்கும் ஆயுதமாகவும் மாறிவிடுவார். அதனால்தான் மச்சானைப் பற்றி எழுதின மூன்று வரியை, கழுத்து அறுபட்ட அன்றைக்கே மேசையில் சத்தமாகப் படித்துவிட்டேன், யாரும் பின்னால் ஒளித்து வைத்து அடித்ததாகச் சொல்லக்கூடாது.

ஒரே ஊரில் பல மாதம் ஓடுகிற கதை என்றால் என் ஓட்டு நோட்டுக்கு. பென்டிராகன் ஜோடியை விருப்பப்பட்டவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன், பாலடின் அண்ணன் இன்னும் வைத்திருக்கிறார், இரக்கம் 13. வரும் ஞாயிறு அதே துறையில் திரும்ப இறங்க வேண்டும். தம்பி வியாழக்கிழமை ராத்திரி போன் செய்து கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தங்கச்சி பேரு நோட்டுல இருக்காண்ணே?"

இல்லை. இனிமேல்தான் வைக்க வேண்டும்.