வெட்ட ஒரு நாள், கொக்கிக்கு ஒரு மாலை: நாலு வருஷ அனுபவம்

வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வாரத்துக்கு 12, முகூர்த்த மாதங்களில் 20 வரை வரும். முன்பெல்லாம் ஒன்றை எடுத்தால் அதை வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, தேய்த்து மடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்த அக்கா அப்படித்தான் செய்வார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதத்தில் துணி மலையாகச் சேர்ந்துவிட, ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்து பார்த்தேன். அதை இன்றுவரை விடவில்லை.

பலன் முதலில் தெரிந்தது லைனிங்கில், அதாவது உள்துணியில். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயப்போடாமல் தைத்தால், துவைத்ததும் சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும். ஒவ்வொன்றாக நனைத்துக் காத்திருந்த காலத்தில், அவசரத்துக்கு நனைக்காமலே தைத்ததும் உண்டு. இப்போது ஞாயிறு காலையில் அந்த வாரத்து லைனிங் எல்லாம் இரண்டு வாளியில் ஊறும். சாயம் போகிற சிவப்பும் மெரூனும் தனி வாளி. சாயந்திரம் தேய்த்து வைத்தால் திங்கட்கிழமை வெட்ட உட்காரலாம்.

தைக்கும்போது நூலின் நிறம்தான் வரிசை. நிறம் மாறினால் மேல்நூலும், அடிநூல் சுற்றிய பாபினும் மாற்ற வேண்டும். துணி மாறினால் ஊசியும் மாறும், பட்டுக்கு 11ஆம் நம்பர், காட்டனுக்கு 14. பச்சை கோத்தால் பச்சை எல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த கண்டு. எம்மிங்கும் (ஓரம் மடித்துத் தைப்பது) கொக்கியும் கைவேலை, கரண்ட் போனாலும் நடக்கும். அதைச் சாயந்திரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மாமியாரும் கூட உட்காருவார்.

ஆனால் எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்று நினைத்தது தப்பு. ஒருமுறை எல்லா ஜாக்கெட்டுக்கும் டாட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல்), பிறகு எல்லாவற்றுக்கும் தோள், பிறகு கை என்று போய்ப் பார்த்தேன். சரிவரவில்லை. ஒவ்வொருவர் உடம்புக்கும் டாட் வேறு. நடுவில் விட்டு எடுத்தால் அந்த அளவு மனதில் நிற்பதில்லை, திரும்பத் திரும்ப அளவு ஜாக்கெட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் மெஷினில் ஏறிய ஜாக்கெட்டை முழுதாக முடித்துத்தான் இறக்குகிறேன்.

இன்னொன்று, சேர்த்துச் செய்தால் தப்பும் சேர்ந்தே வரும். வெட்டுகிற வேகத்தில் துணியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்கிற மாதிரி மடிக்காமல், இரண்டையும் மேல்நோக்கி அடுக்கி வெட்டிவிட்டேன். 3 ஜாக்கெட்டுக்கும் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கை! ஒன்றிரண்டாக வெட்டியிருந்தால் முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும். மூன்று பேருக்கும் என் செலவில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து முதல் ஜோடிக் கையை விரித்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததில் கத்தரி வைக்கிறேன். வெட்டிய துண்டுகளை அவரவர் அளவு ஜாக்கெட்டோடு சுருட்டித் தனிக் கவரில் போட்டுவிடுவேன்.

எண்ணிக்கையும் முக்கியம். ஆரம்பத்தில் 12ஐயும் ஒன்றாக வெட்டினேன். வியாழக்கிழமை ஒருவர் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தபோது, ஒன்றுகூட முழுதாக முடிந்திருக்கவில்லை. அவர் முகம் வாடிப் போனதை மறக்க முடியவில்லை. இப்போது ஒரு தடவைக்கு 5, அவை கைவேலைக்குப் போன பிறகு அடுத்த 5.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் இதையும் தளர்த்திக்கொள்கிறேன். காலையில் சேர்த்து வெட்டுவேன்; மதியத்துக்கு மேல் யாருக்கு அவசரமோ அவருடையதுதான் முதலில், அதற்காக எத்தனை முறை நூல் மாற்ற வேண்டியிருந்தாலும் சரி.