காது மெஷினையும் டிவியையும் இணைத்துத் தருவது யார் வேலை?

காது மெஷின் விற்கும் இடங்களில் "இதுல புளூடூத் இருக்கு சார்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அது வீட்டு டிவியோடு இணையுமா, யார் வந்து இணைத்துத் தருவார்கள் என்று கேட்டால்தான் பேச்சு திசைமாறுகிறது. இந்த முறை ஊருக்குப் போனபோது என் விடுமுறையில் பெரும்பகுதி இதற்கே போனது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோருக்கு மெஷின் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இரண்டு காதிலும் மெஷின். எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகக் கேட்கிறது. டிவி என்றால் மட்டும் வால்யூம் ஏறிக்கொண்டே போகும், அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அப்போதும் அப்பா சொல்வது, "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல." உண்மைதான். டிவியின் ஒலி நேராக மட்டும் காதுக்கு வருவதில்லை. சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து, மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து வருகிறது. மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். டிவியின் ஒலி அறைக் காற்றுக்கே வராமல் கம்பியில்லா முறையில் நேராக மெஷினுக்குள் போனால்தான் பேச்சு தெளியும்.

மெஷின் வாங்கிய மையத்தில் கேட்டேன். "அது டிவி செட்டிங்ஸ், டிவி கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க" என்றார்கள். டிவி சர்வீஸ் தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தார், பொறுமையாகவும் பார்த்தார். டிவியின் புளூடூத் பட்டியலில் என் போன் வந்தது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்கூட வந்தது. அப்பாவின் மெஷின் மட்டும் வரவே இல்லை. "சார், இது காது மெஷின் பிரச்சினை. வாங்குன இடத்துலயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். இந்த வேலை அவருக்கும் யாரும் சொல்லித் தராதது. ஆனால் மெஷினை விற்ற மையம் இப்படிக் கைகழுவியது தவறு என்றே நினைக்கிறேன்.

புளூடூத் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வகைகள் வேறு. டிவியும் ஹெட்போனும் வழக்கமாகப் பேசிக்கொள்வது பழைய, மின்சாரம் அதிகம் இழுக்கும் வகை. காது மெஷினின் பேட்டரி மிகச் சிறியது என்பதால் பெரும்பாலான மெஷின்கள் குறைந்த மின்சார வகையையே பயன்படுத்துகின்றன. ஐபோனோடு நேராக இணையும் மெஷின்கள் 2014-இல் வந்தன. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த வசதி 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது. போனுக்கு வந்தது எல்லா டிவிக்கும் வரவில்லை. பழைய வகையையும் ஏற்கும் மெஷின்கள் சில உண்டு. அவற்றை டிவியோடு நேராக இணைத்தால், உதடு அசைந்த பிறகு பேச்சு வரும் தொல்லை இருக்கிறது. ஒலி ஏறக்குறைய 125 மில்லிசெகண்ட் பின்தங்கினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் அளவு. சாதாரண புளூடூத் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

வழி காட்டியவர் வேறொரு மையத்தின் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணரான ஒரு பெண்மணி. போனிலேயே அவர் சொன்ன முதல் வார்த்தை, "டிவியோட பின்பக்கத்தை போட்டோ எடுத்துட்டு வாங்க." அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஆப்டிகல் இருக்கு, நல்லது" என்றார். டிவியின் ஒலியை ஒளியாக வெளியே அனுப்பும் துளை அது. டிவியின் ஒலியை வாங்கிக் கம்பியில்லாமல் மெஷினுக்கு அனுப்பவென்றே மெஷின் கம்பெனிகள் ஒரு சிறிய பெட்டி தயாரிக்கின்றன. ஃபோனாக்கில் டிவி கனெக்டர், ஓட்டிகானில் டிவி அடாப்டர், ரீசவுண்டில் டிவி ஸ்ட்ரீமர் என்று பெயர். ஒரு கம்பெனியின் பெட்டி பொதுவாக இன்னொரு கம்பெனி மெஷினோடு சேராது. ஒரே கம்பெனியிலும் மாடல் பொருந்த வேண்டும். அவர் மாடல் எண்ணைச் சரிபார்த்துப் பெட்டியை வரவழைத்து, அங்கேயே இணைத்துக் காட்டினார். பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு, மெஷின்களை அணைத்து மறுபடி ஆன் செய்து, பெட்டியின் பக்கத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் மின்சாரம் போய் வந்தாலும் இணைப்பு மறக்காது.

வீட்டில் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஆப்டிகல் கேபிளின் இரு நுனியிலும் கண்ணாடி போல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். டிவியில் செருகி, மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் செருகலாம். ஹெட்போன் துளையிலும் இணைக்கலாம்தான். ஆனால் பல டிவிகளில் அதில் செருகியதுமே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அப்புறம் அம்மா எதைக் கேட்பார்?

எல்லாம் மாட்டியதும் செய்திச் சேனல் அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது. படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. ஆடியாலஜிஸ்டுக்குப் போன் செய்தேன். டிவியின் ஒலி செட்டிங்ஸில் டிஜிட்டல் வெளியீடு "ஆட்டோ" என்று இருக்கும், அதை "பிசிஎம்" (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள் என்றார். ஆப்கள் டால்பி என்ற சுருக்கிய வடிவில் ஒலியை அனுப்பினால், அதைப் படிக்கத் தெரியாத பெட்டி மௌனமாகிவிடும். மாற்றியதும் கேட்டது. இந்த ஒரு மாற்றம் தெரியாமல், பெட்டியே கெட்டுவிட்டது என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டாம்.

இப்போது ஸ்பீக்கர் அம்மாவுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது, அப்பாவின் காதில் அவருக்கு வேண்டிய அளவு. டிவி ஓடும்போது மெஷினின் மைக் தணிந்துவிடுவதால் அம்மா கூப்பிடுவது அவருக்கு முதலில் கேட்கவில்லை. அதையும் அந்த ஆடியாலஜிஸ்டின் மையத்தில் சரிசெய்தார்கள். டிவிக்கும் சுற்றுச் சத்தத்துக்கும் இடையிலான அளவை மெஷினின் பொத்தானிலேயே மாற்றும்படி வைத்து, அப்பாவே அழுத்திக் காட்டும்வரை விடவில்லை. வயதானவர் கையில் போன் ஆப்பைக் கொடுத்து அனுப்பாமல் இப்படிச் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது.

புதிதாக மெஷின் வாங்கப்போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே, டிவி பெட்டியும் அதை வீட்டில் பொருத்தித் தருவதும் விலையில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்த மின்சார புளூடூத்தில் ஒலி அனுப்பும் புது முறையாக 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோவும், அதைச் சார்ந்த ஆராகாஸ்ட்டும் மெஷினில் உண்டா என்றும் கேளுங்கள். ஆராகாஸ்ட் உள்ள டிவி, கம்பெனி வேறாக இருந்தாலும் அந்த வசதியுள்ள மெஷின்களுக்கு ஒலிபரப்பும். ஒரே நேரத்தில் இரண்டு பேர், மூன்று பேர்கூடக் கேட்கலாம். எங்கள் வீட்டு டிவி பழையது, அதற்கு இந்தப் பெட்டிதான் சரி. அம்மாவுக்கும் மெஷின் தேவைப்படும் நாள் வந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.