கட்டணமில்லாப் படிப்பின் விலை: ஜெர்மனியில் பொறியியல் முதுநிலை

ஜெர்மனியின் அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவன் என்ற முறையில், ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தியவர் அதைப் பற்றி எழுதுவது போலவே இந்தப் படிப்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். 2021 அக்டோபரில் சேர்ந்தேன்; நான்கு செமஸ்டரில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு எனக்கு ஆறு செமஸ்டர் ஆயிற்று. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கோவைக் கல்லூரியில் பி.இ. முடித்து, மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். கீழே வரும் ஒப்பீடுகள் அந்தப் பின்னணியிலிருந்து வருபவை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்த இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆக்கன், டார்ம்ஷ்டாட், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக், ஹனோவர் என எங்கே படித்தாலும் அன்றாட நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை அங்கெல்லாம் படித்த நண்பர்களின் பேச்சிலிருந்து அறிவேன்.

முதலில் பணம். பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மை. செமஸ்டருக்கு முந்நூறு யூரோவை ஒட்டிய ஒரு பங்களிப்புத் தொகை செலுத்த வேண்டும். பல இடங்களில் பேருந்துக்கும் வட்டார ரயில்களுக்குமான பயணச்சீட்டு அதிலேயே அடங்கிவிடும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. கார்ல்ஸ்ரூஹேயும் ஷ்டுட்கார்ட்டும் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரில் புதிதாகச் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, அத்தகைய மாணவரின் முதுநிலைப் படிப்புகளுக்கு செமஸ்டர் ஒன்றுக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என நிர்ணயித்திருக்கிறது. 'ஜெர்மனியில் எங்கும் இலவசக் கல்வி' என்று பலகை வைத்திருக்கும் கன்சல்டன்சிகள் அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறியாவது போட வேண்டும்.

விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்ட் என்னும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே கட்டும் தொகைதான் நம் வீடுகளுக்குக் கட்டணம் போலக் கனக்கிறது. நான் போன ஆண்டில் அது 10,332 யூரோ. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு. அது நம் பணமே, மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் என்றாலும், கல்விக் கடன் வாங்கி அதைக் கட்டிய தந்தையிடம் இந்த விளக்கம் எடுபடாது. மாதம் 992 யூரோவில் டிரெஸ்டனிலோ கெம்னிட்ஸிலோ ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். மியூனிக்கில் வாடகையே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

விண்ணப்பப் பகுதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என உறுதிப்படுத்தும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பெற்றாக வேண்டும். நான் போனபோது அது கட்டாயமாக இல்லை. நம் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் தரமாக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. பத்துக்கு எட்டு வாங்கியவருக்கு, தேர்ச்சிக் கோடு ஐந்து என்று கொண்டால், 2.2 வரும். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. ஆனால் இந்த எண்ணைக் காட்டிலும் பலருடைய விண்ணப்பத்தைக் கவிழ்ப்பது பாடப் பொருத்தம். கணிதத்தில் இத்தனை கிரெடிட், இயக்கவியலில் இத்தனை, வெப்ப இயக்கவியலில் இத்தனை என்று ஒவ்வொரு துறையும் பட்டியல் வைத்திருக்கும். நம் பாடத்திட்டத்தை அதனுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்பதுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. இருந்தும் கணிதக் கிரெடிட் குறைந்ததால் நிராகரிக்கப்பட்டவர்களை அறிவேன். கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒப்பீட்டை ஓர் இரவு உட்கார்ந்து நாமே செய்துவிடலாம்.

இனி படிப்பு. இங்குதான் இந்தச் சேவையின் உண்மையான குணம் தெரிகிறது. பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. எழுபத்தைந்து சதவீத அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மதிப்பெண், மாதிரித் தேர்வு, யூனிட் வாரியாக 'இம்பார்ட்டன்ட்' வினாக்கள் என நம்மைப் பிடித்து நிறுத்தும் கயிறுகள் எவையும் அங்கில்லை. விரிவுரை காலை பத்து மணிக்கு என்று அட்டவணையில் போட்டு, பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டெழுத்து இருந்தால், அது பத்தே காலுக்குத்தான் தொடங்கும் என்பதை முதல் நாள் காலியான அரங்கில் கால் மணி நேரம் தனியே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை; விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுகிறார்கள். பேராசிரியர் போகிறார். அடுத்த வாரம் நாம் வந்தோமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

விரிவுரையுடன் சேர்த்து ஊபுங் என்னும் பயிற்சி வகுப்பு நடக்கும். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் கணக்குகளைப் போட்டுக் காட்டுவார். இதைத் தவறவிட்டவர் பாடத்தையே தவறவிட்டவர் என்று இப்போது சொல்கிறேன், அப்போது தெரியவில்லை. பெரும்பாலான பாடங்களில் செமஸ்டர் முடிவில் வரும் ஒரே எழுத்துத் தேர்வுதான் முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. குளிர்கால செமஸ்டரின் விரிவுரைகள் பிப்ரவரி தொடக்கத்தில் நின்றுவிடும். ஏப்ரல் வரையுள்ள அந்தக் காலத்தை ஜெர்மானியர்கள் விடுமுறை என்று சொல்லாமல் 'விரிவுரை இல்லாக் காலம்' என்று கவனமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அதன் பொருள் தேர்வுக் காலம் என்பதே.

என் முதல் தேர்வுத் தோல்வி வெப்பப் பரிமாற்றத்தில் வந்தது. பி.இ.யில் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பதினாறு மதிப்பெண் வினாவுக்கான வருவிப்புகள் (டெரிவேஷன்கள்) எல்லாம் மனப்பாடம். ஜெர்மன் வினாத்தாளில் வருவிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. பார்த்திராத ஒரு கருவியின் வரைபடத்தைக் கொடுத்து, என்னென்ன எடுகோள்களை வைத்துக்கொள்வாய், எல்லை நிலைகள் எவை, அதன்பின் எந்தச் சமன்பாடு என்று படிப்படியாகக் கேட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாதி வினாத்தாளைத் தாண்டவில்லை. முடிவு: 5.0.

இந்தக் கல்விமுறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சத்தை அந்தத் தோல்விதான் காட்டியது. முடிவு வெளியான பிறகு, ஐன்சிஷ்ட் என்ற பெயரில் விடைத்தாளைத் திருத்தியவர்களின் எதிரிலேயே நாம் பார்வையிடலாம். எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். பேனாவை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் காரணம் சொன்னார். முதல் பகுதியில் நான் தவறாகக் கண்டுபிடித்த ஒரு வெப்பநிலையை அடுத்த மூன்று பகுதிகளில் சரியான முறையில் பயன்படுத்தியிருந்தேன். தொடர்பிழை என்று குறித்து, அந்த மூன்று பகுதிகளுக்கும் முழு மதிப்பெண் அளித்திருந்தார்கள். ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை இல்லை. மாறாக, விடை சரியாக வந்த ஓரிடத்தில் எடுகோளை எழுதாமல் விட்டதற்காக மதிப்பெண் கழிக்கப்பட்டிருந்தது. வாதாடி ஒரே ஒரு மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றேன், தேவைப்பட்டவை ஏழு. பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, யார் திருத்தினார், ஏன் இத்தனை என்பது கடைசிவரை தெரியாமல் காத்திருந்த பழக்கத்தில் வந்தவனுக்கு அந்த இருபது நிமிடம் ஒரு செமஸ்டர் விரிவுரைக்குச் சமமாக இருந்தது. அதன்பின் மாணவர் மன்றத்திலிருந்து பழைய வினாத்தாள்களைப் பெற்று, கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்துப் பழகினேன். இரண்டாம் முறை 2.7 கிடைத்தது.

நம்மூரில் அரியர் என்பது ஒரு சங்கடம் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால், 'இறுதியாகத் தேர்ச்சியில்லை' என்று பதிவாகி மாணவர் நீக்கப்படுவார்; அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் பொதுவாக முடியாது. மாணவர் என்ற நிலை போனால் அதை ஒட்டிய வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும். சில இடங்களில் மூன்றாவது எழுத்துத் தேர்வுக்குப் பின் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. அது எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே தயாராகாத தேர்விலிருந்து கெடுவுக்குள் பெயரை விலக்கிக்கொள்வது அங்கே கோழைத்தனமாகக் கருதப்படுவதில்லை. விலக்கிக்கொண்டால் முயற்சியும் கணக்கில் சேராது. என் நான்கு செமஸ்டர் ஆறானதற்குப் பாதிக் காரணம் இதுதான். கட்டணமாக வாங்காததை இந்தப் பல்கலைக்கழகங்கள் காலமாக வாங்கிக்கொள்கின்றன.

மீதிப் பாதிக் காரணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அது ஆய்வகம். ஹிவி என்று அழைக்கப்படும் மாணவ உதவியாளர் வேலை இரண்டாம் செமஸ்டரில் கிடைத்தது: ஓர் உற்பத்திப் பொறியியல் துறையில், வாரம் பத்து மணி நேரம், மணிக்குப் பன்னிரண்டு யூரோவை ஒட்டிய ஊதியம். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் இந்த வேலை, வெளிநாட்டு மாணவருக்கான ஆண்டு வேலை நாள் வரம்பில் சேர்வதில்லை என்பது பலருக்குத் தெரியாத சலுகை. அந்த வரம்பு 2024 மார்ச் முதல் 120 முழு நாட்களிலிருந்து 140 ஆக உயர்ந்திருக்கிறது. உலோகத்தைச் செதுக்கும் துருவல் (மில்லிங்) இயந்திரத்தின் அதிர்வை அளக்கும் உணரிகளைப் பொருத்துவதுதான் என் வேலை. அந்த இயந்திரம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் உண்மையான சிக்கலுக்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் அளந்த எண்கள் ஓர் அறிக்கையில் போய்ச் சேர்ந்தன. பொறியியல் பேராசிரியர்களில் பலர் தொழிற்துறையில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்கள் என்பதால் இந்தப் பிணைப்பு இயல்பாகவே அமைகிறது. ஆக்கனில் 1906 முதல் இயங்கிவரும் இயந்திரக் கருவி ஆய்வகமும், அதே நகரில் 2010-இல் பல்கலைக்கழகச் சூழலில் பிறந்து பின்னர் ஜெர்மன் தபால் நிறுவனத்தால் வாங்கப்பட்ட ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் மின்வண்டியும் இதற்கு நன்கறிந்த சான்றுகள். சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன்தான் தொடங்கப்பட்டது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

மொழியைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது பாதிதான். படிப்பை முழுவதும் ஆங்கிலத்திலேயே முடிக்கலாம். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஆய்வகத்தில் காபி இயந்திரத்தின் அருகே நடக்கும் பேச்சு ஜெர்மனில் நடக்கிறது, அடுத்த திட்டத்துக்கு யார் தேவை என்ற செய்தியும் அங்கேதான் கசிகிறது. வாரம் இருபது மணி நேர நிறுவன வேலைகளுக்கான அறிவிப்புகளில் கணிசமானவை நல்ல ஜெர்மனைக் கேட்கின்றன. ஜெர்மனில் தொடக்க நிலையான ஏ1 சான்றிதழுடன் விமானம் ஏறிய நான், மேல் இடைநிலையான பி2 முடிக்க மூன்றாண்டு எடுத்துக்கொண்டது இந்த முழு முயற்சியில் என் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய தவறு.

தங்குமிடம் கிடைப்பது கடினம். மாணவர் விடுதிக்கான வரிசை பல செமஸ்டர் நீளம்; சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பதிய வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைக்க நான் நான்கு மாதம் காத்திருந்தேன்; மின்னஞ்சலுக்குப் பதிலாகக் காகிதக் கடிதம் வந்தது. பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் மலிவாகச் சாப்பிடலாம், சைவமும் உண்டு, உப்பு மட்டும் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவருக்கு, யாரும் அதட்டாவிட்டாலும் அதிகாலையில் புத்தகத்தைத் திறப்பவருக்கு, இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்ய ஆசைப்படுபவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறித்த தேதியில் பட்டம், குறித்த தேதியில் வேலை என்று திட்டமிட்டுக் கடன் வாங்கியவரைச் சற்று நிறுத்திப் பேச விரும்புவேன். வங்கிக்கு நாம் கொடுக்கும் சேர்க்கைக் கடிதத்தில் நான்கு செமஸ்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். தவணை தொடங்கும் நாளை வங்கி அதை வைத்துத்தான் கணக்கிடும். பட்டம் பெற்றபின் வேலை தேடப் பதினெட்டு மாதம் வரை வசிப்பு அனுமதி உண்டு, ஆனால் அந்தப் பதினெட்டு மாதத்துக்குத் தவணை நிற்காது. என் ஐந்தாம் செமஸ்டரில் முதல் தவணைக்கான குறுஞ்செய்தி அப்பாவின் கைப்பேசிக்கு வந்தபோது எனக்கு இரண்டு தேர்வுகளும் ஆய்வேடும் மீதமிருந்தன. ஹிவி நேரத்தை வாரம் பத்திலிருந்து பத்தொன்பதாக உயர்த்திக்கொண்டேன். தேர்வுகளில் ஒன்று ஆறாம் செமஸ்டருக்குத் தள்ளிப்போயிற்று.