வெப்ப அனிமோமீட்டர் பலகை: சராசரி வேகத்துக்கு நம்பலாம், கொந்தளிப்புக்கு அப்படியே நம்ப இயலாது

ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகையுடன் இணைத்துக் காற்றின் வேகத்தை அளக்க விற்கப்படும் இந்தச் சிறிய பலகையை, சிறு காற்றுச் சுரங்கம் ஒன்றில் கொந்தளிப்பை, அதாவது காற்று வேகத்தின் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்தை, அளப்பதற்காகவே வாங்கினேன். சூடாக்கப்பட்ட தெர்மிஸ்டரை (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரியை) காற்று குளிர்விக்கும்போது, அதன் வெப்பநிலை குறையாமல் இருக்க மின்சுற்று எவ்வளவு மின்னழுத்தம் செலுத்துகிறது என்பதிலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. 1914-இல் கிங் வகுத்த விதிப்படி, அந்த மின்னழுத்தத்தின் வர்க்கம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே ஏறும். சராசரி வேகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கிண்ணங்கள் சுழன்று வேகம் காட்டும் காற்றுமானிகள் அசையாத மென்காற்றையும் இது உணர்கிறது.

கொந்தளிப்பை அளக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கொந்தளிப்புச் செறிவு என்பது வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவான திட்டவிலக்கத்தைச் சராசரி வேகத்தால் வகுத்துப் பெறுவது. மின்சுற்றின் இரைச்சலும் (மின்னழுத்தத்தில் கலக்கும் வேண்டாத அலைவும்) ஏற்ற இறக்கமாகவே பதிவாவதால், அதன் விலக்க வர்க்கச் சராசரி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) காற்றின் விலக்க வர்க்கச் சராசரியோடு கூடிவிடுகிறது. உண்மைச் செறிவு 10 சதவீதம், இரைச்சலின் பங்கு 1 சதவீதம் என்றால் கருவி 10.05 காட்டும், அதனால் பாதகமில்லை. உண்மைச் செறிவே 1 சதவீதம் என்றால் 1.41 காட்டும். நல்ல காற்றுச் சுரங்கத்தில் செறிவு 1 சதவீதத்துக்கும் வெகுவாகக் குறைவு என்பதால், அங்கே இப்பலகை பெரும்பாலும் தன் இரைச்சலையே அளக்கிறது.

மடிக்கணினியின் யுஎஸ்பி வழியே மின்சாரம் கொடுத்து, சார்ஜரையும் செருகியிருந்தபோது, பதிவின் அதிர்வெண் நிறமாலையில் மின்வழங்கலின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் ஊசி போன்ற முனைகள் எழுந்தன. பேட்டரிக்கு மாற்றியதும் அவை அடங்கிவிட்டன. ஆர்டுயினோ ஊனோவில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால், ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். கிங் விதிப்படி, வேகம் நொடிக்கு 1 மீட்டரிலிருந்து 9 மீட்டராக ஏறும்போது, அதே ஒரு படி மூன்று மடங்குக்கும் அதிகமான வேக வேறுபாட்டைக் குறிக்கத் தொடங்கும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

ஆய்வகங்களில் பயன்படும் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பியைப் போல் தெர்மிஸ்டர் விரைவாகக் குளிர்வதில்லை. எனவே வேகமான சுழல்கள் பதிவாகாமலே போகின்றன. இரைச்சல் கூட்டுகிறது, இந்த மந்தம் குறைக்கிறது. இரண்டும் ஈடாகி வரும் எண் சரியானதுபோலத் தோன்றுவதுதான் மிகவும் ஆபத்தானது.

கொந்தளிப்புக்கு இதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்பவர்கள் இரண்டு பலகைகளை வாங்கி, உணர்முனைகளை நெருக்கமாக வைத்து, இரண்டின் உடன்மாறுபாட்டை (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) கணக்கிடுவது நல்லது. காற்றின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றாகவே தெரியும். ஒவ்வொன்றின் சொந்த இரைச்சலுக்கும் தொடர்பில்லாததால், நீண்ட பதிவில் அது கழிந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி கட்டாயம் வேண்டும். மின்வழி பொதுவாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஒருசேர ஏறி, காற்றின் அசைவாகவே கணக்கில் தங்கிவிடும்.