முக்கோணவியல் கோவையின் சிறும மதிப்பு: வகையிடலா, சராசரிச் சமனிலியா?

கோலாலம்பூரில் எஸ்டிபிஎம் (மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) கணிதம் பயிலும் மாணவர்கள் முதல் பருவத்தில் இயற்கணிதத்தையும் வடிவியலையும், இரண்டாம் பருவத்தில் நுண்கணிதத்தையும் படிப்பதால், ஒரே சிறும மதிப்புக் கணக்கை இரு வழிகளிலும் அணுக அவர்களால் முடிகிறது. 3 சைன் + 4 கோசைன் போன்ற கோவைக்கு இயற்கணிதமும் நுண்கணிதமும் எளிதாகவே −5 என்ற விடையைத் தருகின்றன.

4 சைன்² + 9/சைன்² என்னும் கோவையில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்னும் சமனிலி, ஒரே வரியில் 2√36, அதாவது 12 என்று காட்டிவிடும். ஆனால் 12 கிடைப்பதற்கு இரு உறுப்புகளும் சமமாக வேண்டும்; அதற்கு சைன்² = 3/2 ஆக வேண்டும். சைனின் வர்க்கம் 1ஐத் தாண்டாது என்பதால், அந்த 12 எட்டவே முடியாத கீழ்வரம்பு. பல மாணவர்கள் மதிப்பெண் இழப்பதற்கு வாய்ப்புள்ள இடம் இதுவே.

நுண்கணித வழியில் வகையிட்டால், அதாவது கோவை மாறும் வீதத்தைக் கண்டால், 2 கோசைன் × (4 சைன்⁴ − 9) / சைன்³ கிடைக்கிறது. அடைப்புக்குள் இருப்பது எப்போதும் குறை எண்ணாதலால், 0 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில் 90 பாகையில் மட்டுமே வகைக்கெழு சுழியாகிறது. அதற்கு முன் கோவை குறைகிறது, பின் கூடுகிறது. ஆகவே சிறுமம் 13.

9 டேன்² + 4/டேன்² என்றால் நான் சமனிலியையே தேர்ந்தெடுப்பேன்: டேன்² எந்த மிகை மதிப்பையும் ஏற்கும் என்பதால், டேன்² = 2/3 ஆகும்போது 12 உண்மையிலேயே கிடைக்கிறது.