ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம்: கிலோபாஸ்கல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

மூன்று வருடமாக என் கணவரின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரே வரிதான் வந்துகொண்டிருந்தது, யாரிடம் காட்டினாலும் இது இப்போ எல்லாருக்கும் இருக்கு, நடங்க, எண்ணெயைக் குறைங்க என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறது, அதனால் எனக்கு மனசு ஆறவே இல்லை. போன மாதம் புதிதாகப் பார்த்த டாக்டர் பழைய ரத்தப் பரிசோதனையில் இருந்தே வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் கல்லீரல் என்சைம்கள்), பிளேட்லெட் நான்கையும் வைத்து, கல்லீரலில் தழும்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போட்டார். 1.3க்குக் கீழே இருந்தால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றிருப்பாராம், இவருக்கு 1.5 வந்தது. சரி, எடுத்துவிடலாம் என்று மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம், 3,500 ரூபாய்.

ஊசி கிடையாது, மருந்து கிடையாது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும், விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல் தடவி புரோப் என்கிற கருவி முனையை வைத்து அழுத்துகிறார்கள், ஒவ்வொரு முறையும் விரலால் சுண்டுகிற மாதிரி ஒரு தட்டல், அவ்வளவுதான். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கருவி அளக்கிறது. கல்லீரல் மெத்தென்று இருந்தால் மெதுவாக ஓடும், தழும்பேறி இறுகியிருந்தால் வேகமாக ஓடும். பத்து அளவாவது எடுத்து அதன் நடு மதிப்பைத் தருகிறார்கள், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள். சிஏபி என்பது கொழுப்பு, இவருக்கு 298, அதைப் பார்த்ததும் பயந்துவிட்டோம். ஆனால் டாக்டர் முதலில் பார்த்தது இன்னொன்றை, இறுக்கத்தைச் சொல்லும் கிலோபாஸ்கல், அது 6.1. எட்டுக்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று விளக்கினார். சாதாரண அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெரியும், லேசாக இருந்தால் அதுவும் தப்பிவிடும், ஆரம்பத் தழும்பு தெரியவே தெரியாது. இந்த ஒரு எண்ணுக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

அந்த சென்டர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. போனில் பதிவு செய்தபோது சாப்பிடாமல் வரச் சொல்லவில்லை. இவர் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்த பிறகுதான் டெக்னீஷியன் கேட்டார். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், இறுக்கம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். மதியம் வரை உட்கார வைத்துவிட்டார்கள், சர்க்கரைக்காரரை இப்படிக் காக்க வைக்கலாமா? அப்புறம் ரிப்போர்ட்டை உறையில் போட்டு நீட்டினார்களே தவிர ஒரு வார்த்தை விளக்கவில்லை.

உடம்பு பருமனாக இருந்தால் எக்ஸ்எல் புரோப் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் ஐக்யூஆர், அதாவது எடுத்த அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, நடு மதிப்பில் 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத் தாண்டினால் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இவர் 84 கிலோ, ஆறு கிலோ குறைத்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் என் தம்பியை அழைத்துப் போகிறேன். ஆள் ஒல்லிதான், ஆனால் அவனுக்கும் சர்க்கரை இருக்கிறது.