ஓதம் அடிக்கும் குழந்தை அறை: கசிவை அடைப்பதா, டீஹ்யூமிடிஃபயரா?

ஐப்பசி மழை பிடித்தால் சென்னையில் பல வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வெறும் கறை என்று விட முடியாது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், மூச்சுக்குழாயும் குறுகல். ஓதமும் பூஞ்சையும் இருமல், வீசிங், ஆஸ்துமாவோடு தொடர்புடையவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் ராச்டேலில் 2020இல் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் மரணத்துக்குக் காரணம் வீட்டுப் பூஞ்சைதான் என்று விசாரணையில் தெரியவந்தது. அது மிக அரிதான உச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் விடாத சளியும் இருமலும்தான்.

பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் கறை போகும், ஈரம் போகாது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். பாத்ரூம் ஆசிட்டோடு பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு வரும், ஜாக்கிரதை. பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட்டை ஈரச் சுவரில் அடித்தால் உரிந்துவிடும். இந்த இரண்டும் போட்டியிலேயே இல்லை.

மீதி இரண்டு: கசிவை அடைப்பது, அல்லது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியான டீஹ்யூமிடிஃபயர். எது என்பதை ஒரு பிளாஸ்டிக் தாள் சொல்லும். சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றில் இருக்கிறது. எங்களுக்கு உள்பக்கம்தான் கோத்தது.

காற்று ஈரத்துக்கு டீஹ்யூமிடிஃபயர் நல்ல கருவி. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 50க்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது. ஆனால் பராமரிப்பைப் பாருங்கள். 250 வாட் கருவியை நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் இரண்டரை யூனிட். இரண்டு மாத பில்லில் 150 யூனிட் ஏறும். ஏற்கெனவே 500ஐ ஒட்டி வரும் வீட்டில் மொத்த பில்லின் கணக்கே மாறிவிடும். தொட்டி நிறைய நிறைய ஊற்ற வேண்டும், ஃபில்டர் கழுவ வேண்டும், ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும். அறை கொஞ்சம் சூடாகவும் ஆகும். கசிவு அப்படியே இருந்தால் இத்தனையும் வருஷா வருஷம். விலை குறைந்த குட்டிக் கருவிகளோ ஒரு நாளில் உறிஞ்சுவது ஒரு டம்ளர், இரண்டு டம்ளர்தான்.

அதனால் நாங்கள் கசிவை அடைக்கும் வழிக்குப் போனோம். வெளிச்சுவர் விரிசலைத் தட்டி, அடைத்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்; பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளுக்குத் தண்ணீர் புகாத எபாக்ஸி கலவை. செலவு ஒரே தடவையில் கையைக் கடிக்கும்தான். அடுக்குமாடியில் வெளிச்சுவர் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது என்பதால் அசோசியேஷனைச் சம்மதிக்க வைப்பது வேலையைவிடப் பெரிய வேலை. ஆனாலும் அடுத்த மழையில் சுவர் காய்ந்தே இருந்தது. அந்தக் கோட்டிங் பத்து வருஷம் தாங்குமா என்று இப்போதே நான் உறுதி தர முடியாது. ஏழெட்டு மாடி வீடுகளில் சாரம் கட்டும் செலவு கணக்கையே மாற்றலாம்.

வாடகை வீடு என்றால் என் வாதம் பாதி அடிபடும். ஓனர் கை விரித்துவிட்டால் கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், குழந்தையை வேறு அறையில் தூங்க வையுங்கள். டீஹ்யூமிடிஃபயரை அப்போது வாங்கலாம், குட்டிக் கருவியாக இல்லாமல் ஃப்ரிட்ஜில் இருப்பதுபோல் கம்ப்ரசர் உள்ள வகையாகப் பார்த்து.